கொடி ஏறிய பிறகு வெளியே வைத்த பூண்டு

செங்கம் சாலைப் பக்கம் வீட்டுச் சமையலுக்குப் போகும் பெண்கள் இப்போது நிறைய பேர். அவர்களுக்கென்று போனில் ஒரு குழு இருக்கிறது. தோள்பட்டை போய் நான் வேலையை விட்ட பிறகும் என்னை அதிலிருந்து யாரும் எடுக்கவில்லை. போன மாதம் ஒருத்தி அதில் ஒரு படம் போட்டிருந்தாள். கண்ணாடி பாட்டிலில் உரித்த பூண்டு, கழுத்து வரைக்கும் நல்லெண்ணெய், சன்னல் ஓரத்தில் வெயில் பட்டுப் பொன்னாக மின்னுகிறது. "அக்காங்களா, இப்பிடிப் போட்டு வெச்சா வேலை கம்மி. எத்தினி நாள் தாங்கும்?" என்று கேட்டிருந்தாள். கீழே வரிசையாகப் பதில். ஒரு மாசம் என்றாள் ஒருத்தி. மூன்று மாசம் என்றாள் இன்னொருத்தி. மாமியார் வீட்டில் வருஷக்கணக்கில் இருக்கிறது என்றாள் மற்றொருத்தி.

"ஃப்ரிட்ஜுக்கு வெளிய ஒரு நாள்கூட வேணாம்" என்று நான் பேசி அனுப்பினேன்.

"ஏன்க்கா, பூண்டு இன்னா பாலா?" என்று பதில் வந்தது. நாலு பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள்.

இதற்கு நான் சொல்ல வேண்டிய பதில் பேசி அனுப்பினால் நீண்டுகொண்டே போகும், பாதியில் நிறுத்திவிடுவார்கள். அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். ஏழாம் வகுப்பை நான் முடிக்கவில்லை.

எனக்குப் போளூர்ப் பக்கம். பள்ளிக்கூடத்தை விட்டதும் பெங்களூரில் கல்யாணச் சமையல் செய்யும் கோஷ்டியோடு போனேன். வெங்காயமும் பூண்டும் உரிப்பதுதான் வேலை. கோலார், ஓசூர், திருப்பதி என்று கோஷ்டி போன இடமெல்லாம் போனேன். கட்டிக்கொண்டவர் ஓசூரில் வேறு வீடு பார்த்துக்கொண்டார். நான் வேறு ஊர் பார்த்துக்கொண்டேன். ஒரே ஊரில் இரண்டு தீபாவளி பார்த்துவிட்டால் எனக்குக் கால் அரிக்கத் தொடங்கிவிடும். எங்கே தங்கினாலும் என் துணிப்பை மடித்த புடவைகளோடு ஆணியில் தொங்கும், பெட்டியில் போட்டதே இல்லை. பட்டினி கிடந்ததும் உண்டு, பஸ் ஸ்டாண்டில் படுத்ததும் உண்டு. அதில் சொல்ல ஒன்றுமில்லை. எல்லா ஊர் பஸ் ஸ்டாண்டிலும் கொசு ஒன்றுதான்.

நடுவில் ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சாப்பாடு தயாரிக்கும் சமையலறையில் இருந்தேன். அங்கே ஒருவருக்குக் கஞ்சியும் பருப்பும் மையாக அரைத்து, வடிகட்டி, மூக்குக் குழாய் வழியாக ஏற்றுவதற்குக் கொடுத்தனுப்ப வேண்டும். அரைப்பது நான். வார்டுக்குக் கொண்டுபோவதும் நான். நடுவயது ஆள், ஓடியாடி வேலை செய்த உடம்பு. அவருக்கு நினைவு தெளிவாக இருந்தது, ஆனால் இமை இரண்டும் தொங்கிவிட்டன, தூக்க முடியாது. யார் வந்தார்கள் என்று பார்க்கத் தலையைப் பின்னால் சாய்த்து, கீழ் இடுக்கு வழியாகப் பார்ப்பார். வாயில் ஊறுகிற எச்சிலைக்கூட விழுங்க முடியாது. எங்கள் சமையலறைப் பொறுப்பாளரம்மாவிடம் இது என்ன நோய் என்று கேட்டேன். காற்றுப் புகாமல் அடைத்து வைத்த ஏதோ ஒன்றைத் தின்றதால் வந்தது என்றார்.

"கெட்டுப்போனது தெரியாமயா தின்னாரு?"

"தெரியாதும்மா. நாத்தம் வராது, ருசி மாறாது. எண்ணெய்ல போட்டு வெளிய வெச்ச பூண்டுல கூட வரும். மண்ணுல இருக்கற கிருமியோட விதை பூண்டோட ஒட்டிக்கிட்டு வரும். நம்ம அடுப்புச் சூட்டுக்கு அது சாவாது. எண்ணெய்க்கு அடியில காத்து போகாது பாரு, அங்க அது முளைக்கும், விஷத்தைக் கக்கும்."

அவர் சொன்னதைவிட அந்த மனிதர் தலையைச் சாய்த்துப் பார்த்தது எனக்குள் தங்கிவிட்டது. அந்த வேலையையும் விட்டுவிட்டு நான் கிளம்பினேன்.

திருவண்ணாமலைக்கு ஒரு பௌர்ணமிக்கு வந்தேன். மலையைச் சுற்றி முடித்ததும் செங்கம் சாலையில் ஒரு மெஸ் வாசலில் உட்கார்ந்தேன், கால் எழும்பவில்லை. உள்ளேயிருந்து ஒரு அம்மாள் வந்து என் கையைப் பார்த்தார்.

"கட்டவெரல் நகத்தப் பாத்தா பூண்டு உரிக்கறவ மாதிரி கீதே. உரிப்பியா?"

"உரிப்பேன்."

"அப்ப எழுந்து உள்ள வா. வாசல்ல உக்காந்தா சாமியார்னு நெனச்சுக் காசு போடுவாங்க."

அவர்தான் பத்மாக்கா. அடி அண்ணாமலையில் நிலம் நீச்சு உள்ள குடும்பம். கணவர் போன பிறகு இந்த மெஸ்ஸை எடுத்து நடத்தினார். சுற்றுவட்டாரத்தில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்கு வீட்டுச் சாப்பாடு போல கேரியரில் அனுப்புவோம். அதை எடுத்துப் போவது ஏழுமலையின் ஆட்டோ. நான் மெஸ்ஸின் பின்பக்க அறையிலேயே தங்கினேன்.

பத்மாக்காவுக்கு எல்லாம் மூக்குதான். ருசி பார்க்கக் கரண்டி எடுத்து நான் பார்த்ததில்லை. மாவு புளித்தது நிலைப்படியிலேயே தெரிந்துவிடும். கடைத்தெருவில் பூண்டு வாங்கப் போனால் ஒவ்வொரு தலையாக எடுத்து, வேர்ப்பக்கம் கட்டைவிரலால் அமுக்கி, மூக்கருகில் கொண்டுபோவார். அமுங்கினால் உள்ளே சுருங்கிவிட்டது. மக்கின வாசனை வந்தால் மூட்டை மழையில் நனைந்தது.

"யக்கா, வாங்கப் போறியா, மோந்துட்டுப் போறியா?" என்பான் கடைக்காரன்.

"மோந்தா எடை கொறஞ்சா போவும்? கம்முனு இரு."

எங்கள் சமையலறையில் பூண்டுக்கென்று ஒரு ஒழுங்கு இருந்தது. இந்தக் குழுவில் இருப்பவர்களுக்கு உதவும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். வாங்கி வந்ததும் பிளாஸ்டிக் பையிலிருந்து உடனே எடுத்துவிட வேண்டும், பைக்குள் பூண்டு வியர்க்கும். நிழலில் காற்றாடப் பரப்பி, பிறகு மூங்கில் கூடையில் போட்டுப் பின்பக்கத் தகரக் கொட்டாயில் காற்று வரும் மூலையில் தொங்கவிடுவோம். உருளைக்கிழங்கு மூட்டைப் பக்கத்தில் வைக்கமாட்டோம், அந்த ஈரம் இதற்கு ஆகாது. முழுப் பூண்டை ஃப்ரிட்ஜில் வைத்து, வெளியே எடுத்தால் சீக்கிரம் முளை விட்டுவிடும். தலையை உடைத்துவிட்டால் மிச்சப் பல்லை முதலில் செலவழிக்க வேண்டும். தோல் காய்ந்து ஒட்டியிருந்தால் பல்லுக்குத் துளி எண்ணெய் தடவி வெயிலில் சற்று நேரம் வைப்போம், தோல் தானாகக் கழன்று வரும்.

உரித்து வைப்பதற்கு உரிப்பது வேறு, அன்றைக்கே குழம்பில் போட உரிப்பது வேறு. குழம்புக்கென்றால் அரிவாள்மனைக் கட்டையால் ஒரு தட்டு தட்டி உரித்துவிடலாம். எடுத்து வைப்பதற்கென்றால் பல்லில் கீறல் விழக்கூடாது. "காயம் பட்டத தனியா போடு, அது இன்னிக்கே போவணும்" என்பார் பத்மாக்கா. காயம் படாததைக் கழுவாமல், உலர்ந்த துணி விரித்த எவர்சில்வர் டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைப்போம். துணி ஈரமாகிவிட்டால் மாற்ற வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் வைத்ததில்லை. அரைத்த விழுதென்றால் இரண்டு மூன்று நாள். மிச்சத்தை ஐஸ் தட்டில் போட்டு உறைய வைத்துவிடுவோம்.

ஒரு தடவை, அறை எடுத்துத் தங்கியிருந்த சென்னைக்காரர் ஒருவர் பதறிக்கொண்டு வந்தார். நாங்கள் கொடுத்த பூண்டு எலுமிச்சை ஊறுகாயில் பல்லெல்லாம் நீலப் பச்சையாகிவிட்டது. விஷம் என்று நினைத்துவிட்டார். பத்மாக்கா மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். ஒரு பல்லை எடுத்து அவர் எதிரிலேயே மென்று விழுங்கினார்.

"பச்சையா மாறுனா கெட்டதுனா கொத்தமல்லிய இன்னா சார் பண்றது?"

அவரும் சிரித்துவிட்டு ஊறுகாயை எடுத்துப் போனார். புளிப்புப் பட்டால் சில பூண்டு அப்படி நிறம் மாறும், கெடுதல் இல்லை. அன்று அக்காவின் மூக்கு சரியாகத்தான் சொன்னது. நான் இருந்தவரை எத்தனையோ தடவை சரியாகச் சொன்னது. அதனால்தான் பிறகு நடந்தது கடினமாக இருந்தது.

அந்த மெஸ்ஸில் ஒரு கட்டு உண்டு. கார்த்திகைத் தீபத்துக்குக் கோயிலில் கொடி ஏறினால் தீபம் முடியும்வரை சமையலறைக்குள் பூண்டு இருக்கக் கூடாது. மலைக்கு விரதம் இருப்பவர்கள் சாப்பிட வருவார்கள், அக்காவும் விரதம். "கோயில்ல கொடி ஏறுனா நம்ம மெஸ்ஸுல பூண்டு எறங்கிடும்" என்பான் ஏழுமலை. கூடை ஏற்கெனவே கொட்டாயில்தான் இருக்கும். ஃப்ரிட்ஜில் உள்ள உரித்த பூண்டை முன்கூட்டியே செலவழித்துவிட்டு, ஃப்ரிட்ஜைக் கழுவித் துடைத்து, படையலுக்கு வேண்டிய பாலும் தயிரும் தேங்காயும் மட்டும் வைப்போம்.

அந்த வருஷம் அக்காவின் ஒரே மகள் தேவகிக்குத் தலைப்பிரசவம். அடி அண்ணாமலை வீட்டில் இருந்தாள். தீபத்தை ஒட்டித்தான் நாள் சொல்லியிருந்தார்கள். பிள்ளை பெற்றவளுக்குச் சுடுசோற்றில் பூண்டு எண்ணெய் ஊற்றிப் பிசைந்து கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பால் ஊறும் என்பார்கள். கொடி ஏறிவிட்டால் பூண்டைத் தொட முடியாதே என்று அக்கா கொடி ஏறுவதற்கு முந்தைய நாள் அடுப்படியில் உட்கார்ந்து, யாரையும் தொடவிடாமல் தானே மலைப்பூண்டு உரித்தார். செக்கு நல்லெண்ணெயைச் சிறு தீயில் வைத்து, பல் சிவக்காமல் வெண்ணெய் போலக் குழையும்வரை காய்ச்சி, ஆறவைத்து, பெரிய ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றினார். நான் அன்றைக்குக் காய்கறிச் சந்தையில் இருந்தேன். கொடி ஏறிய காலையில் அந்த பாட்டிலைக் கொட்டாயில் கூடைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார். நான் தூரத்திலிருந்துதான் பார்த்தேன். தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் என்று நினைத்துக்கொண்டேன். கூட்டம் நெரித்த வாரம் அது. மழை வேறு. யாருக்கும் யாரையும் கேட்க நேரமில்லை.

தீபத்துக்கு முதல் நாள் தேவகிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தீபமும் முடிந்தது. மறுநாள் ஊர் காலியாகி, தெருவெல்லாம் செருப்பும் காகிதத் தட்டுமாகக் கிடந்தது. அக்கா கொட்டாயிலிருந்து பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து கேரியர் பக்கத்தில் வைத்தார்.

"செல்வி, சோறு மேல் தட்டுல வெச்சு, இத தனியா துணி சுத்திக் கட்டு. தேவகிக்கு."

மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. "கொடி ஏறுறதுக்கு முன்னாடி காச்சுனது. இன்னிக்குக் காச்சுனாப்புல கீது பாரு" என்று என் பக்கம் நீட்டினார். நானும் மோந்தேன். அருமையான வாசனை.

"அக்கா, இத நான் கட்ட மாட்டேன்."

"ஏன்?"

"அத்தன நாள் வெளிய இருந்துச்சு. எண்ணெய்க்கு அடியில பூண்டு. இதுல விஷம் ஊறியிருக்கலாம்."

"கெட்டிருந்தா எனக்குத் தெரியாதா? என் மூக்குல கோளாறுன்றியா?"

"உங்க மூக்குல ஒண்ணுமில்ல. இது எந்த மூக்குக்கும் தெரியாது."

"காச்சித்தாண்டி ஊத்துனேன்."

"அந்தச் சூட்டுக்கு அந்த வெதை சாவாதுக்கா. ஆஸ்பத்திரில சொன்னாங்க."

"எங்கம்மா எனக்கு இதான் குடுத்தா. நான் செத்தா பூட்டேன்?"

"உங்கம்மா அன்னன்னிக்குக் காச்சிக் குடுத்திருப்பாங்க. கொட்டாயில இத்தன நாள் வெச்சா குடுத்தாங்க?"

வெளியே ஏழுமலை ஆட்டோவை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தான்.

நான் அந்த ஆஸ்பத்திரி மனிதரைப் பற்றிச் சொன்னேன். கஞ்சி அரைத்ததை, மூக்குக் குழாயை, இமை தூக்க முடியாமல் தலையைச் சாய்த்துப் பார்த்ததை. தேவகி அப்படிப் பார்ப்பதை நினைத்துப் பார்க்கச் சொல்லவில்லை. சொல்லாமலே அவர் நினைத்துக்கொண்டார் என்று முகத்தில் தெரிந்தது.

"அந்தாளு பொழச்சானா?"

"நான் இருந்த வரைக்கும் உசுரோட இருந்தாரு. அப்புறம் நான் ஊர் மாறிட்டேன்."

"அதான பாத்தேன். உனக்கு எதுலயும் முடிவு தெரியாது. எல்லாத்துலயும் பாதியில எழுந்து போற பொம்பள நீ. இங்க வந்து என் பொண்ணு சோத்துக்குச் சட்டம் சொல்றியா?"

உண்மையைத்தான் சொன்னார். அதனால் எனக்குக் கோபம் வரவில்லை. வேறு சமயமாக இருந்தால் உள்ளே போய் ஆணியிலிருந்து பையை எடுத்திருப்பேன், அது எனக்குச் சுலபமான காரியம். பெண்ணைப் பெற்றவள் பாடு என்று போயிருப்பேன். ஆனால் நான் போனால் பாட்டிலும் போகும். பாட்டில் மேல் கையை வைத்துக்கொண்டேன்.

"இன்னிக்குப் போவலக்கா. வேணும்னா நாளைக்கு என்ன அனுப்பிடுங்க, போறேன். இது மட்டும் தேவகிக்குப் போவாது."

"நானே எடுத்துகினு போனா?"

"ஆட்டோ முன்னாடி படுத்துக்குவேன்."

ஏழுமலை எட்டிப் பார்த்தான். "யம்மா, படுக்கறதுன்னா ஓரமா படு, புது டயரு. யக்கா, நீங்க ரெண்டு பேரும் பேசி முடிக்கறதுக்குள்ள அந்தக் கொழந்த பள்ளிக்கூடம் போயிடும். பெத்தவ பசியோட கீறா."

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அந்தக் கடைசி வார்த்தை அக்காவை அசைத்தது. பாட்டிலை இன்னொரு தடவை எடுத்தார். நான் கையை எடுத்துக்கொண்டேன், பிடுங்குவதற்குத் தயாராகத்தான் இருந்தேன். மூடியைத் திறந்து, கண்ணை மூடி, நெடுநேரம் மோந்தார். வாழ்நாள் முழுக்க அவருக்கு வழி சொன்ன மூக்கு அது. திரும்பத் திரும்ப நல்லது என்றே சொல்லியிருக்கும். கண்ணைத் திறந்தபோது மூடியைத் திருகி இறுக்கினார்.

"கூடைய எடு" என்றார்.

கூடையில் முழுப் பூண்டு அப்படியே இருந்தது. தலை அமுங்காமல், தோல் சலசலக்க. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து உரித்தோம். ஏழுமலையும் ஆட்டோவை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, பல்லுக்குப் பல் காயம் உண்டாக்கினான். அக்கா அவனைத் திட்டவில்லை, அன்றைக்கே போகப் போகிற பூண்டு. ஒரு வேளைக்கு வேண்டிய எண்ணெயை மட்டும் சிறு வாணலியில் காய்ச்சி, தூக்குச்சட்டியில் ஊற்றி அனுப்பினோம்.

ஆட்டோ போன பிறகு அக்கா பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"வெளக்குக்காச்சும் ஆவுமா?"

"பூண்டு வெளக்கு எந்தச் சாமிக்குக்கா?"

"நாய் தின்னா?"

"நாய்க்கும் வேணாம்."

மூடியைத் திறக்காமலே இரண்டு பைக்குள் போட்டுக் கட்டி, குப்பை வண்டி வரும்வரை காத்திருந்து, தன் கையாலேயே கொடுத்தார். அதன் பிறகு பல நாள் என்னிடம் உப்பு, புளி, அடுப்பு என்ற வார்த்தைகளைத் தவிர வேறு பேசவில்லை. போகச் சொல்லவும் இல்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் கொடி ஏறும் நாள் காலையில் அக்கா என்னைக் கூப்பிட்டு ஒற்றை அடுப்பையும் ஒரு இரும்பு வாணலியையும் காட்டினார். "இத கொட்டாயில போடு. பூண்டு உள்ள வரக் கூடாதுன்னா அடுப்பு வெளிய போவட்டும். யாருக்கு வேணுமோ அன்னன்னிக்கு அங்க காச்சிக் குடு." அவ்வளவுதான். மன்னிப்பு, பாராட்டு ஒன்றும் கிடையாது. நான் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். திரும்பி வந்து, ஆணியிலிருந்த பையை இறக்கிப் புடவைகளைப் பெட்டியில் அடுக்கினேன். பை அரிசி வாங்கப் பயன்பட்டது.

அக்கா இப்போது இல்லை. மெஸ்ஸைத் தேவகி நடத்துகிறாள். அந்தப் பின்பக்க அறையில்தான் இன்னும் இருக்கிறேன். கொடி ஏறினால் அடுப்பு இப்போதும் வெளியே போகிறது, தோள்பட்டை வலியால் நான் வாணலியை மட்டும் எடுத்துப் போகிறேன். குழுவில் வந்த அந்தப் படத்தை அவளிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டாள்.

"செல்விக்கா, அம்மா காச்சுன அந்த பாட்டில்ல நெஜமாவே விஷம் இருந்துச்சா?"

"தெரியாது. இல்லாமலும் இருந்திருக்கலாம்."

"தெரியாமலா ஆட்டோ முன்னாடி படுக்கறேன்னு அடம் புடிச்சே?"

"தெரிஞ்சிருந்தா அடம் எதுக்குடி? இதான் விஷம்னு காட்டிட்டுப் போயிருப்பேன்."